மூளை எப்படிக் கற்கிறது? நம்மிடையே உலவும் சில நம்பிக்கைகள்

"எவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும் இவன் மண்டையில ஏற மாட்டேங்குது சார்." ஆசிரியர் அறையில் இந்த வரியைக் கேட்காத வாரம் இருக்காது. பெற்றோர் கூட்டத்தில் அதுவே வேறு வடிவில் வரும்: "எங்க வம்சத்துக்கே படிப்பு வராது டீச்சர், பத்தாவது தாண்டினாப் போதும்." மூளை, மண்டை, புத்தி என்று நாள்தோறும் பேசுகிறோம். அந்த உறுப்பைப் பற்றி நமக்குத் தெரிந்தவை எங்கிருந்து வந்தன என்று எண்ணிப் பார்த்தால், பி.எட். படிக்கும்போது கல்வி உளவியல் தாளுக்காகப் படித்தது கொஞ்சம், பணியிடைப் பயிற்சிகளில் திரையில் பார்த்தது கொஞ்சம், மீதியெல்லாம் வாட்ஸ்அப். இவற்றில் சில சரியானவை. சில பாதி சரி. சில முழுக்கத் தவறு. தவறானவை வகுப்பறைக்குள் நுழைந்தால் அதற்கான விலையைக் கொடுப்பவர்கள் குழந்தைகள்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய சிக்கல் அல்ல. பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் மூளை பற்றிய ஆய்வுகளில் ஆர்வம் கொண்ட 242 ஆசிரியர்களிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2012 இல் வெளியானது. மூளையைப் பற்றிய சில வாக்கியங்களைக் கொடுத்து சரியா, தவறா என்று கேட்டார்கள். "ஒவ்வொரு மாணவருக்கும் உரிய கற்றல் பாணியில் கற்பித்தால் அவர் நன்றாகக் கற்பார்" என்பதைப் பிரிட்டனில் 93 விழுக்காட்டினரும் நெதர்லாந்தில் 96 விழுக்காட்டினரும் சரி என்றார்கள். நாம் மூளையில் 10 விழுக்காட்டை மட்டுமே பயன்படுத்துகிறோம் என்பதை ஏறக்குறையப் பாதிப்பேர் நம்பினார்கள். மூளையைப் பற்றிய பொது அறிவு அதிகம் உள்ள ஆசிரியர்கள் இந்தக் கட்டுக்கதைகளைக் குறைவாக நம்பவில்லை, கூடுதலாகவே நம்பினார்கள் என்பதுதான் அந்த ஆய்வில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. ஆர்வத்தோடு தேடிப் படிப்பவர்கள்தான் வலையில் சிக்குகிறார்கள்.

கற்கும்போது உள்ளே என்ன நடக்கிறது?

வளர்ந்த மனிதரின் மூளை சுமார் 1.3 முதல் 1.4 கிலோ எடை இருக்கும். உடல் எடையில் அது 2 விழுக்காடுதான். ஆனால் நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட உடல் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய 20 விழுக்காட்டை அது எடுத்துக்கொள்கிறது. சிறு குழந்தைகளில் இந்தப் பங்கு இன்னும் அதிகம். காலை உணவுத் திட்டம் வந்த பிறகு முதல் பாடவேளை எப்படி மாறியது என்பதைத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடம் கேட்டால் இதை வேறு சொற்களில் சொல்வார்கள்.

மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான மற்ற நியூரான்களோடு தொடர்பில் இருக்கிறது. அந்தத் தொடர்புப் புள்ளிகளை நரம்பிணைப்புகள் என்கிறோம். கற்றல் என்பது இந்த இணைப்புகளின் வலிமை மாறுவது. ஒன்றாகச் சேர்ந்து செயல்படும் நியூரான்களுக்கு இடையே இணைப்பு வலுப்படும் என்ற கருத்தை 1949 இல் கனடா நாட்டு உளவியலாளர் டொனால்டு ஹெப் முன்வைத்தார். வெளியே ஓடு இல்லாத ஒரு கடல் நத்தையை வைத்து எரிக் கேண்டல் இதைச் செல் அளவில் விளக்கினார். 2000 ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். அவர் காட்டியதில் நமக்குப் பயன்படும் செய்தி ஒன்று உண்டு. சற்று நேரம் மட்டும் நிற்கும் நினைவுக்கு, இருக்கும் இணைப்பு தற்காலிகமாக வலுத்தால் போதும். நாள்கணக்கில் நிற்கும் நினைவுக்குச் செல் புதிய புரதங்களை உருவாக்கிப் புதிய இணைப்புகளை வளர்க்க வேண்டும். அது கட்டுமான வேலை. அதற்கு நேரம் பிடிக்கும், இடைவெளியும் வேண்டும். மண்டையில் ஏறுவது, இறங்குவது என்ற பேச்சே இங்கு பொருந்தாது. பாத்திரத்தில் ஊற்றுவதைப் போன்ற செயல் அல்ல இது.

படிக்கத் தெரியாத பெரியவர்கள் எழுத்துக் கற்றால் மூளை மாறுமா? உத்தரப் பிரதேசத்தில் லக்னோவுக்கு அருகிலுள்ள கிராமங்களில் இதை ஆய்ந்தார்கள். பள்ளிக்கே போகாத பெரியவர்களுக்கு 6 மாதங்கள் இந்தி எழுதப் படிக்கக் கற்றுக் கொடுத்து, கற்பதற்கு முன்னும் பின்னும் மூளையை ஸ்கேன் செய்தார்கள். பெருமூளைப் புறணியில் மட்டுமின்றி, ஆழத்திலுள்ள தலாமஸ், மூளைத்தண்டு ஆகிய பகுதிகளோடு பார்வைப் பகுதிக்கு இருந்த தொடர்பிலும் மாற்றம் தெரிந்தது. 2017 இல் வெளியான ஆய்வு இது. அதில் பங்கேற்றவர்கள் குழந்தைகள் அல்லர், வயல் வேலையும் வீட்டு வேலையும் பார்த்து வந்த பெரியவர்கள். "இனிமேல் இவனுக்கு எங்கே" என்று ஏழாம் வகுப்புப் பையனைப் பார்த்துச் சொல்லும் முன் இதை நினைத்துக் கொள்ளலாம்.

எழுத்து தோன்றி ஏறக்குறைய 5,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. எனவே படிப்பதற்கென்று பிறவியிலேயே ஒரு பகுதி மூளையில் கிடையாது. முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காணும் பகுதியின் ஒரு துண்டை எழுத்துக்குப் பழக்குகிறோம் என்கிறார் பிரெஞ்சு அறிஞர் ஸ்டானிஸ்லாஸ் டெஹேன். ஒரு மாடு இடப்பக்கம் திரும்பி நின்றாலும் வலப்பக்கம் திரும்பி நின்றாலும் மாடுதான். மூளைக்கு இது இயல்பாகவே தெரியும். ஆனால் ஆங்கிலச் சிற்றெழுத்து 'பி' திரும்பி நின்றால் அது 'டி' ஆகிவிடுகிறது. மாட்டுக்குச் சரியாக இருந்த பழக்கத்தை எழுத்துக்காகக் குழந்தை கைவிட வேண்டியிருக்கிறது. ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி எழுதுவது இதனால்தான். அது பெரும்பாலும் தானாகச் சரியாகும். அதைப் பார்த்த உடனே 'டிஸ்லெக்சியா' என்று பெயர் வைக்க வேண்டியதில்லை. அதே நேரத்தில், மூன்றாம் நான்காம் வகுப்பிலும் எழுத்துக் கூட்டிப் படிப்பதே பெரும்பாடாக இருக்கும் குழந்தையைச் சோம்பேறி என்று ஒதுக்கவும் கூடாது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்ற ஒன்று. அத்தகைய குழந்தையை வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் காட்டுவது நம் வேலை.

பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர்

இந்த மூன்று பெயர்களையும் கேள்விப்படாத ஆசிரியர் இருக்க முடியாது. கற்றல் பாணிகளைப் பற்றி எழுதப்பட்டவற்றை 2004 இல் பிரிட்டனில் தொகுத்துப் பார்த்தபோது 71 விதமான வகைப்பாடுகள் அகப்பட்டன. நமக்கு அதிகம் பழக்கமானது பார்த்தல், கேட்டல், செய்தல் என்று பிரிப்பது. சிறு வினாத்தாள் ஒன்றைக் கொடுத்து, மதிப்பெண்ணைக் கூட்டி, "நீ பார்த்துக் கற்பவன்" என்று சொல்லிவிடலாம். கேட்பதற்கு நியாயமாகவும், எல்லாக் குழந்தைகளுக்கும் இடம் தருவதாகவும் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு தூரம் பரவியது.

இது உண்மை என்றால் ஒன்றை நிரூபிக்க முடிய வேண்டும். பார்த்துக் கற்பவர் என்று சொல்லப்படும் மாணவர் படத்தின் மூலம் கற்பித்தால் கூடுதல் மதிப்பெண் பெற வேண்டும். கேட்டுக் கற்பவர் என்று சொல்லப்படுபவர் ஒலியின் மூலம் கற்பித்தால் கூடுதல் மதிப்பெண் பெற வேண்டும். மாற்றிக் கற்பித்தால் இருவருக்கும் குறைய வேண்டும். 2008 இல் ஹெரால்டு பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் இந்த உரைகல்லில் உரசிப் பார்த்தார்கள். சரியான முறையில் சோதித்த ஆய்வுகளே மிகக் குறைவாக இருந்தன. அந்தச் சில ஆய்வுகளும் பெரும்பாலும் எதிரான முடிவையே காட்டின. பாணிக்கேற்பக் கற்பிக்கப் பள்ளிகள் பணமும் நேரமும் செலவிடுவதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அவர்கள் எழுதினார்கள்.

மாணவர்களுக்கு விருப்பம் இருப்பது உண்மைதான். ஒருவருக்குப் படம் பிடிக்கும், இன்னொருவருக்குக் கதை கேட்கப் பிடிக்கும். ஆனால் விருப்பம் வேறு, கற்கும் திறன் வேறு. எதைப் பார்த்துக் கற்பது, எதைக் கேட்டுக் கற்பது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பாடப்பொருள். காவிரி எந்தெந்த மாவட்டங்கள் வழியாக ஓடுகிறது என்பதற்கு எல்லாருக்கும் வரைபடம் வேண்டும். ழகர, ளகர, லகர வேறுபாட்டுக்கு எல்லாருக்கும் காது வேண்டும், நாவும் வேண்டும். மின்சுற்றில் சாவியைத் திறந்தால் விளக்கு ஏன் அணைகிறது என்பதற்கு எல்லாரும் ஒருமுறையாவது கம்பியைக் கையில் எடுத்து இணைத்துப் பார்க்க வேண்டும். "இவள் கேட்டுக் கற்பவள்" என்று முத்திரை குத்தி வரைபடத்தை அவளிடமிருந்து எடுத்துவிட்டால் இழப்பு அவளுக்குத்தான். ஒரு பொருளைப் படமாகவும் சொல்லாகவும் செயலாகவும் தருவது நல்லது. அது வகுப்பில் உள்ள அத்தனை பேருக்கும் நல்லது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பது குழந்தை எதுவரை கற்றிருக்கிறது என்பதை வைத்து. அது கற்றல் நிலை, கற்றல் பாணி அல்ல. முன்னறிவை அறிந்து அங்கிருந்து தொடங்குவதற்கு ஆதாரம் ஏராளமாக உண்டு. அரும்பில் இருக்கும் குழந்தை நாளை மொட்டுக்குப் போகும், போக வேண்டும். 'கேட்டுக் கற்பவர்' என்ற முத்திரையோ மாறுவதே இல்லை. ஹவர்டு கார்ட்னரின் பன்முக அறிவாற்றல் கோட்பாடும் இதோடு சேர்த்துக் குழப்பப்படுகிறது. அவை கற்றல் பாணிகள் அல்ல என்று கார்ட்னரே சொல்லியிருக்கிறார்.

பாணிகளின் உடன்பிறப்பு ஒன்று நம் பள்ளிச் சுவர்களில் தொங்குகிறது. "படிப்பதில் 10%, கேட்பதில் 20%, பார்ப்பதில் 30%... செய்வதில் 90% நினைவில் நிற்கிறது" என்ற முக்கோணப் படம். எட்கர் டேல் பெயரில்தான் அது வலம் வருகிறது. பி.எட். தேர்வில் அனுபவக் கூம்பை வரைந்து மதிப்பெண் வாங்கியவர்கள் நாம் எல்லாரும். டேல் 1946 இல் வெளியிட்ட நூலில் அந்தக் கூம்பு இருக்கிறது, விழுக்காடுகள் இல்லை. நேரடி அனுபவத்திலிருந்து சொற்குறியீடு வரை எது எவ்வளவு நுண்மையானது என்று காட்டும் படம்தான் அவருடையது. எண்களைப் பின்னால் வந்தவர்கள் சேர்த்தார்கள். அந்த எண்களைச் சற்று உற்றுப் பாருங்கள்: 10, 20, 30, 50, 70, 90. எந்த ஆய்விலாவது எண்கள் இவ்வளவு அழகாகப் பத்துப் பத்தாக வந்து நிற்குமா? யார் படித்தார்கள், எதைப் படித்தார்கள், எத்தனை நாள் கழித்துச் சோதித்தார்கள் என்ற கேள்விக்கு அந்தப் படத்தில் விடை இல்லை.

இடது, வலது, 10 விழுக்காடு, நடுமூளை

இடது மூளை கணக்குக்கு, வலது மூளை கலைக்கு என்பதற்கு ஓர் உண்மையான அடிப்படை உண்டு. பெரும்பாலோருக்கு மொழியின் முக்கியப் பகுதிகள் இடப்பக்கம் இருக்கின்றன. கடும் வலிப்பு நோய்க்காக இரு அரைக்கோளங்களையும் இணைக்கும் நரம்புக்கட்டு வெட்டப்பட்ட நோயாளிகளை ஆய்ந்த ரோஜர் ஸ்பெர்ரி 1981 இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் நம் மாணவர்களுக்கு அந்தக் கட்டு வெட்டப்படவில்லை. சுமார் 20 கோடி நரம்பிழைகள் இரு பக்கத்தையும் இடைவிடாமல் பேச வைக்கின்றன. 2013 இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் 7 முதல் 29 வயது வரையுள்ள 1,011 பேரின் மூளை ஸ்கேன்களைப் பார்த்தார்கள். ஒருவருக்கு இடப்பக்கம் முழுவதும் மேலோங்கியும் இன்னொருவருக்கு வலப்பக்கம் முழுவதும் மேலோங்கியும் இருப்பதாகத் தெரியவில்லை.

இதில் நம் வகுப்பறைக்கு நேரடியாகத் தொடர்புள்ளது இடக்கைப் பழக்கம். பத்தில் ஒருவர் இடக்கையர். 40 பேர் உள்ள வகுப்பில் நான்கு பேர் இருக்கலாம். இவர்களிலும் பெரும்பாலோருக்கு மொழி இடப்பக்கத்தில்தான் இருக்கிறது. ஆகவே "இடக்கையன், வலது மூளைக்காரன், ஓவியம்தான் வரும், கணக்கு வராது" என்பது ஆதாரமற்றது. கையை மாற்றி எழுதச் சொல்லி வீட்டில் அடிப்பதும், பள்ளியில் அதட்டுவதும் இன்னும் முழுதாக ஒழியவில்லை. அந்தக் குழந்தைக்கு நாம் செய்ய வேண்டிய உதவி மிகச் சிறியது: பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார வைத்தால் பக்கத்துப் பிள்ளையின் முழங்கையோடு மோதாமல் எழுதும்.

10 விழுக்காடு கதையை விரைவாகவே முடித்துவிடலாம். ஐன்ஸ்டைன் சொன்னார் என்பார்கள். அவர் சொன்னதற்கு ஆதாரம் இல்லை. மீதி 90 விழுக்காடு சும்மா இருப்பது உண்மையானால், பக்கவாதத்தில் மூளையின் சிறு பகுதிக்கு ரத்தம் தடைபட்டாலே ஒரு கை விழுந்துவிடுவதும் பேச்சு போய்விடுவதும் ஏன்? மொசார்ட் இசை கேட்டால் குழந்தை அறிவாளியாகும் என்பதும் இதே கதைதான். 1993 இல் 36 கல்லூரி மாணவர்களிடம் செய்த சோதனை அது. 10 அல்லது 15 நிமிடம் நின்ற சிறு மாற்றத்தை வைத்து, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இசைத்தட்டு கொடுக்கும் அளவுக்குப் போனார்.

நடுமூளைத் தூண்டல் அப்படிச் சிரித்துவிட்டுப் போகக்கூடியது அல்ல. கண்ணைக் கட்டிக்கொண்டு குழந்தை புத்தகம் படிக்கும், நிறம் சொல்லும் என்று காட்டி, இரண்டு நாள் முகாமுக்குப் பல ஆயிரம் ரூபாய் வாங்குகிறார்கள். கூலி வேலை செய்யும் பெற்றோர்கூட நகையை அடகு வைத்துப் பணம் கட்டிவிட்டு வந்து, "மார்க் ஏறுமா சார்?" என்று கேட்கிறார்கள். நடுமூளை என்பது மூளைத்தண்டின் மேற்பகுதியில் உள்ள சிறு பகுதி. கண் அசைவு, வெளிச்சம் பட்டால் கண்மணி சுருங்குவது, விழிப்பு நிலை போன்றவற்றில் அதற்குப் பங்கு உண்டு. மருத்துவர் டார்ச் அடித்துக் கண்ணைப் பார்ப்பது இந்த வழி வேலை செய்கிறதா என்று அறியத்தான். உயிரோடு விழித்திருக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அது ஏற்கெனவே இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது. யாரும் வந்து தூண்ட வேண்டியதில்லை.

கட்டிய துணிக்கும் மூக்குக்கும் இடையே உள்ள இடுக்கு வழியாகக் கீழே பார்ப்பதுதான் அதன் சூட்சுமம். மங்களூரைச் சேர்ந்த பகுத்தறிவாளர் நரேந்திர நாயக் போன்றோர் இதைப் பல ஆண்டுகளாக மேடைகளில் அம்பலப்படுத்தி வருகிறார்கள். நம் அறிவியல் மன்றத்திலேயே செய்து காட்டலாம். கண்ணைக் கட்டிய மாணவரின் மூக்கின் கீழ் ஓர் அட்டையைக் கிடைமட்டமாகப் பிடியுங்கள், அல்லது படிக்க வேண்டிய தாளை நெற்றிக்கு மேலே உயர்த்துங்கள். வாசிப்பு நின்றுவிடும். கவலை தருவது இன்னொன்று. பெற்றோர் பணம் கட்டியிருக்கிறார்கள், மேடையில் எல்லாரும் கைதட்டுகிறார்கள், "எனக்குத் தெரியுது" என்று பொய் சொல்வதைத் தவிர அந்தக் குழந்தைக்கு வேறு வழி இல்லாமல் போகிறது. பெற்றோர் கூட்டத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைச் செய்து காட்டினால் சில குடும்பங்களின் பணமாவது மிஞ்சும்.

வயது தாண்டிவிட்டதா?

"ஏழு வயசுக்குள்ள போட்ட அஸ்திவாரம்தான்" என்பதில் பாதி உண்மை இருக்கிறது. பார்வை, பேச்சொலி போன்ற சிலவற்றுக்கு இளம் வயது மிக முக்கியம். ஆனால் கதவு ஒரே நாளில் மூடிக்கொள்வதில்லை. இந்தியாவில் நடந்துவரும் 'பிரகாஷ்' திட்டத்தில், பிறவியிலேயே கண்புரையால் பார்வையற்றிருந்த குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து, அவர்கள் எப்படிப் பார்க்கக் கற்கிறார்கள் என்று பேராசிரியர் பவன் சின்ஹாவின் குழு ஆராய்கிறது. 8 முதல் 17 வயதில் பார்வை பெற்ற ஐந்து பேரைப் பற்றிய முடிவு 2011 இல் வெளியானது. கையால் தொட்டு அறிந்த பொருளைக் கண்ணால் பார்த்ததும் அவர்களால் அடையாளம் காண முடியவில்லை. சில நாள்களிலேயே அந்தத் திறன் வளரத் தொடங்கியது. பார்வைக்கே இப்படி என்றால், பின்னத்துக்கும் இலக்கணத்துக்கும் எட்டாம் வகுப்பு தாமதமான வயதாகிவிடாது.

நிற்கும்படி கற்பது

மறத்தல் வளைகோடு என்றதும் எபிங்ஹாஸ் நினைவுக்கு வருவார். 1885 இல் தன்னையே சோதனைப் பொருளாக்கி, பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு விரைவில் மறக்கிறோம் என்று அளந்தார். ஒரு நாள் கழித்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே மிஞ்சியது. நாம் தேர்வுக்குப் படித்தது இதோடு நின்றுவிட்டது. அதே நூலில் அவர் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். ஓர் அசை வரிசையை ஒரே மூச்சில் 68 முறை சொல்லிக் கிடைத்த பயன், மூன்று நாள்களாகப் பிரித்து 38 முறை சொன்னதிலேயே கிடைத்தது. இடைவெளிவிட்டுப் படிப்பதன் வலிமையை 140 ஆண்டுகளாக நாம் அறிந்திருக்கிறோம். ஆனாலும் பாடம் முடிந்ததும் தேர்வு, தேர்வு முடிந்ததும் அந்தப் பாடத்துக்கு விடை என்றுதான் நம் பழக்கம்.

மீண்டும் மீண்டும் வாசிப்பது நல்லதா, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது நல்லதா? 2006 இல் ரோடிகரும் கார்ப்பிக்கும் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு குழு பத்தியை இரண்டு முறை வாசித்தது. இன்னொரு குழு ஒரு முறை வாசித்துவிட்டு, நினைவில் உள்ளதைத் தாளில் எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்கள் 81 விழுக்காடும் எழுதிப் பார்த்தவர்கள் 75 விழுக்காடும் நினைவு கூர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழாகியிருந்தது: திரும்ப வாசித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. "படிச்சேன் சார், எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு, பரீட்சையில வரல" என்று மாணவர் சொல்வது சாக்கு அல்ல. திரும்ப வாசிக்கும்போது பக்கம் பழகிப்போகிறது. அந்தப் பழக்கம், தெரிந்துவிட்டது என்ற உணர்வைத் தருகிறது.

கணக்கிலும் இப்படித்தான். நான்கு வகைத் திண்மங்களின் கன அளவைக் கண்டுபிடிக்கும் கணக்குகளை ரோரரும் டெய்லரும் 2007 இல் ஒரு குழுவுக்கு வகைவாரியாகவும் இன்னொரு குழுவுக்குக் கலந்தும் கொடுத்தார்கள். பயிற்சியின்போது வகைவாரியாகச் செய்தவர்கள் 89 விழுக்காடு சரியாகச் செய்தார்கள், கலந்து செய்தவர்கள் 60. ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் வகைவாரிக் குழு 20 விழுக்காட்டுக்கு இறங்கியது, கலந்து செய்தவர்கள் 63 பெற்றார்கள். பத்தாம் வகுப்பு அளவியல் பாடத்தை நினைத்துப் பாருங்கள். உருளைப் பயிற்சியில் எல்லாம் உருளை, கூம்புப் பயிற்சியில் எல்லாம் கூம்பு. எந்தச் சூத்திரம் என்று முடிவெடுக்கும் வேலை மாணவருக்கு வருவதே இல்லை. அரசுப் பொதுத்தேர்வில்தான் முதன்முறையாக வருகிறது.

இதையெல்லாம் சொன்னால் "அப்படியானால் மனப்பாடம் நல்லதுதானே" என்று சில நண்பர்கள் மகிழ்கிறார்கள். "மனப்பாடமே கூடாது" என்று வேறு சிலர் எதிர்ப்பக்கம் நிற்கிறார்கள். விடை செயல்படு நினைவில் இருக்கிறது. ஒரே நேரத்தில் மனத்தில் நிறுத்தி வேலை செய்யக்கூடிய துணுக்குகள் ஏழு என்று 1956 இல் ஜார்ஜ் மில்லர் எழுதினார். பிந்தைய ஆய்வுகள் நான்கு அளவில்தான் என்கின்றன. ஆனால் துணுக்கு எவ்வளவு பெரியது என்பது முன்னறிவைப் பொறுத்தது. வல்லின எழுத்துகள் ஆறும் புதிதாகக் கற்கும் குழந்தைக்கு ஆறு துணுக்குகள். 'கசடதபற' என்று பழகியவருக்கு ஒரே ஒரு துணுக்கு. நம் முன்னோர் இதை எந்த ஸ்கேனும் இல்லாமல் கண்டுகொண்டார்கள். எட்டாம் வகுப்பில் பின்னக் கூட்டல் செய்யும் மாணவர் 7×8 என்ன என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினால், அதற்குள் பொது மடங்கு எதற்காகத் தேடினோம் என்பதே நழுவிவிடுகிறது. வாய்ப்பாடு தெரிந்திருப்பது யோசிக்க இடம் தருகிறது. பொருள் தெரியாமல் ஒப்பிப்பதோ வேறு எதனோடும் இணையாமல் தனித்து நிற்கிறது. இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

கடைசியாகத் தூக்கம். பகலில் கற்றதை மூளை தூக்கத்தில் மறுபடி ஓட்டிப் பார்த்து உறுதிப்படுத்துகிறது. கற்றவுடன் தூங்கியவர்கள் விழித்திருந்தவர்களைவிடக் குறைவாக மறக்கிறார்கள் என்பது 1924 லேயே காட்டப்பட்டது. 13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். பருவ வயதில் உடல் கடிகாரமும் சற்றுப் பின்னுக்கு நகர்வதால், அவர்களுக்கு இரவு 10 மணிக்கே தூக்கம் வருவதில்லை. 11 மணிக்குப் படுக்கும் பிள்ளையை 4 மணிக்கு எழுப்பினால் மிஞ்சுவது 5 மணி நேரம். விடியற்காலை அமைதி படிப்புக்கு உகந்ததுதான், 8 மணிக்கே படுத்த பிள்ளைக்கு. பத்தாம் வகுப்புச் சிறப்பு வகுப்பு நேரத்தை முடிவு செய்யும் கூட்டத்தில் இந்தக் கூட்டல் கழித்தலைப் போட்டுப் பார்க்க வேண்டும். தொலைவிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து வரும் மாணவிகளின் கணக்கைத் தனியாகப் போட வேண்டும்.

என் அறிவியல் வகுப்புகளில் முதல் ஆறு நிமிடங்கள் நான்கு கேள்விகளுக்கு உரியவை. இரண்டு நேற்றைய பாடத்திலிருந்து, ஒன்று சென்ற வாரத்திலிருந்து, ஒன்று சென்ற பருவத்திலிருந்து. புத்தகம் மூடியிருக்க வேண்டும். எல்லாரும் எழுத வேண்டும், கையை உயர்த்தும் நான்கு பேர் மட்டுமல்ல. மதிப்பெண் கிடையாது, பதிவேட்டில் ஏறாது. எழுதி முடித்ததும் விடையைக் கரும்பலகையில் எழுதுவேன், அவரவர் நோட்டை அவரவரே திருத்திக்கொள்வார்கள். தவறான கேள்விக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைக்கச் சொல்வேன். வெள்ளிக்கிழமை நோட்டுகளைப் புரட்டும்போது எந்தக் கேள்வியின் பக்கத்தில் புள்ளிகள் அதிகமோ, திங்கட்கிழமை அதுதான் முதல் கேள்வி.